நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டத்தில் பருவத் தொடக்கக் குழுப் பயிற்சி

பருவத் தொடக்கக் குழுப் பயிற்சி என்பது, குளிர்கால இடைவெளிக்குப் பின் மிதிவண்டிக் கழகத்தினர் ஒன்றுசேர்ந்து மிதமான வேகத்தில் நெடுந்தொலைவு ஓட்டிப் பழகுவதாகும். ஐரோப்பாவில் இது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வார இறுதிகளில் நடைபெறுகிறது. 50 அல்லது 60 கிலோமீட்டரில் தொடங்கி, வாரந்தோறும் தொலைவு சிறிது சிறிதாகக் கூட்டப்படும்.

பின்னணி

பிரான்சில் 1904ஆம் ஆண்டு அன்றி தெகிராஞ்ச் தொடங்கிய ஆடாக்ஸ் ஓட்டங்கள் முழுக்க முழுக்கக் குழு ஓட்டங்களாகும். வழித்தலைவர் ஒருவர் வேகத்தைக் கட்டுப்படுத்த, மற்றவர்கள் அவரை முந்தாமல் செல்வர். இவற்றில் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்ற வேகம் இன்றும் பின்பற்றப்படுகிறது. 1921 முதல் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன், அவரவர் வேகத்தில் ஓட்டும் 'பிரெவே' ஓட்டங்களை நடத்தத் தொடங்கியது. இவற்றில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடமும், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரமும் வரம்பாகும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகஸ்டில் நடக்கும் சுமார் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில் பங்கேற்க, அவ்வாண்டு கோடைக்குள் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவேக்களை முடித்திருக்க வேண்டும். ஆகவே முதல் 200க்கு உடலை ஆயத்தப்படுத்தும் வேலை குளிர் விலகும் முன்பே தொடங்கிவிடுகிறது.

வேகம்

ஓய்வுக்குப் பின் மீண்டும் ஓட்டத் தொடங்குபவருக்கு இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். முழங்காலைச் சுற்றியுள்ள தசைநாண்கள் அவ்வளவு விரைவில் தேறுவதில்லை. மூச்சு வாங்கவில்லை என்பதால் ஓட்டுபவர் தம்மால் முடியும் என்று எண்ணிக் கனமான கியரில் அழுத்துகிறார்; பிறகு முழங்கால் வலி வருகிறது. ஏப்ரலில் ஏற்படும் இத்தகைய காயம் ஆகஸ்ட் ஓட்டத்தையே பறித்துவிடக்கூடும். இதனால்தான் பழைய கழகங்களில் பருவத்தின் முதல் சில வாரங்களுக்கு முன்புறச் சிறிய பற்சக்கரத்தை மட்டும் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. இலேசான கியரில் கால் விரைவாகச் சுழலும், முழங்காலின் மீது சுமை குறையும். குளிர் நாட்களில் முழங்காலை மூடி ஓட்டுவதும் இதே காரணத்தால்தான்.

குழு ஓட்டம் இந்த ஆபத்தைக் குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். முன்செல்பவரின் பின்னால் நெருங்கிச் செல்பவருக்குக் காற்றின் எதிர்ப்பு குறைவதால், சமதளத்தில் உழைப்பு ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். வலுவானவர் முன்னால் நீண்ட நேரம் இருந்து காற்றைத் தாங்கலாம். வலுக்குறைந்தவர் பின்னால் இருக்கலாம். ஒரே வேகத்தில் இருவருக்கும் தத்தமக்கு ஏற்ற பயிற்சி கிடைக்கிறது.

ஆனால் இணையாகச் செல்லும் இருவரில் ஒருவர் எப்போதும் அரைச் சக்கரம் முன்னே இருக்க முயன்றால் கதை மாறிவிடும். மற்றவர் ஈடுகொடுக்க, இவர் மீண்டும் முந்த, யாரும் தீர்மானிக்காமலேயே வேகம் ஏறுகிறது. கழகங்களில் மிகவும் வெறுக்கப்படும் பழக்கம் இதுவே. ஏற்றங்களில் குழு பிரிவது இயல்பு. உச்சியில் காத்திருக்கும் குழு, கடைசியாக வந்தவர் மூச்சு விடுவதற்குள் புறப்பட்டுவிட்டால், ஓய்வு தேவைப்படாதவருக்கே ஓய்வு கிடைத்ததாகிவிடும்.

பழக வேண்டியவை

முன்செல்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தமது முன்சக்கரத்தை நுழைத்து ஓட்டுவது பெரும் விபத்துக் காரணம். முன்னவர் சற்று விலகினாலும் சக்கரங்கள் உரசி, பெரும்பாலும் பின்னால் வருபவரே விழுவார். பள்ளத்தைக் கையால் சுட்டுதல், திடீரென்று பிரேக் பிடிக்காதிருத்தல், ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது வண்டி பின்னுக்கு இழுபடாமல் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவை தனியே ஓட்டிக் கற்க முடியாதவை.

வயிற்றுக்கும் பயிற்சி தேவை. நெடுந்தொலைவில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உட்கொள்வது பொதுவான பரிந்துரை. எது செரிக்கும், எது குமட்டும் என்பதை 100 கிலோமீட்டர் பயிற்சியில் அறிந்துகொள்வது நல்லது. 400ஆவது கிலோமீட்டரில் நள்ளிரவில் அறிவது துன்பம்.

மழைக்காலப் பயிற்சியில் பல கழகங்கள் மட்கார்டு இல்லாத வண்டிகளைச் சேர்ப்பதில்லை. பின்சக்கர மட்கார்டின் நுனியில் தரையை ஒட்டித் தொங்கும் ரப்பர் மடலும் இருக்க வேண்டும். அது வண்டிக்காரருக்குப் பயன்படாது. அவருக்குப் பின்னால் வருபவரின் முகத்தில் சேறு அடிக்காமல் காக்கும்.