பாடசாலையின் பக்கம் நிற்கும் சட்டத்தரணி

பல்லாண்டுகளுக்கு முன் நம் வகுப்பிலே பின் வாங்கில் மாணவன் ஒருவன் இருந்தான். சொல்வதெழுதலில் அவன் ஒருநாளும் தேறியதில்லை. கவனமற்றவன் எனக் கடிந்தோம். வாங்கின்மேல் நிறுத்தியும் வைத்தோம். அவனுக்குச் செவி மந்தம் என்பது இரண்டாண்டுகள் கழிந்த பின்னரே தெரியவந்தது. அவன் இழந்த இரண்டாண்டுகளுக்கு யார் பொறுப்பு? இவ்வினாவைச் சட்டத்தின் வாயிலாகவே எழுப்பி விடை காண முயன்ற நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்குப் பொதுப் பாடசாலைகளின் சார்பில் விசேட கல்விச் சட்டத் தொழில் புரிவோர் என்றொரு வகையினர் உளர். அவர்தம் பணி இன்னதென ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

அமெரிக்காவிலே பொதுப் பாடசாலைகளை நடத்துவன பெரும்பாலும் உள்ளூர்ப் பாடசாலை மாவட்டங்களே. மக்கள் செலுத்தும் வரிப்பணமே அவற்றின் வருவாய். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை, உடலாலும் உள்ளத்தாலும் குறையுற்ற பிள்ளைகள் பலர்க்கு அப்பாடசாலைகளின் கதவு மூடியே கிடந்தது. 1972இல் பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாசிங்டனிலும் நடந்த இரு வழக்குகள் அக்கதவைத் தட்டின. பணம் போதாதெனின் அக்குறையைக் குறையுற்ற பிள்ளைகளின் தலையில் மட்டும் சுமத்துதல் ஆகாது என்பது தலைநகர் நீதிமன்றின் தீர்ப்பு. 1975இல் காங்கிரசு சட்டமியற்றிற்று. பத்து இலட்சம் பிள்ளைகள் பொதுப் பாடசாலையினின்றும் முற்றாக விலக்கப்பட்டிருந்தனர் என்பதை அச்சட்டமே எடுத்துரைத்தது. 1990இல் பெயர் மாற்றமும் 2004இல் பெருந் திருத்தமும் பெற்ற அச்சட்டம் இன்றும் நிலவுகின்றது.

சட்டத்தின் சாரம் மூன்று. ஒன்று, குறையுற்ற பிள்ளை ஒவ்வொருவர்க்கும் தக்க கல்வி இலவசமாகக் கிடைத்தல் வேண்டும். இரண்டு, இயன்றவரை ஏனைய பிள்ளைகளோடு ஒருங்கிருந்தே அவர் கற்றல் வேண்டும். மூன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே எழுத்திலமைந்த கல்வித் திட்டம் ஒன்று வகுக்கப்படல் வேண்டும். ஆசிரியரும் பெற்றோரும் ஒரே மேசையில் அமர்ந்து அதனை வகுத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீளாய்தல் முறை. பெற்றோர்க்கு மனநிறைவில்லையாயின் நடுநிலையான விசாரணை அதிகாரியிடம் முறையிடலாம். அதற்கப்பால் நீதிமன்றும் செல்லலாம். வழக்கு முடியும் வரை பிள்ளை இருந்த இடத்திலேயே இருந்து கற்கும்.

நிற்க. பாடசாலையின் சட்டத்தரணி செய்வது யாது? நீதிமன்றில் வாதிடுதலே அவர் தொழில் என எண்ணுதல் பொருந்தாது. அவர்தம் வேலையிற் பெரும்பகுதி, வழக்கு எழாதவாறு முன்னரே அறிவுரை கூறுதலாம். தவணை தவறாது சோதனை நடந்ததா? பெற்றோர்க்கு உரிய அறிவித்தல் சென்றதா? திட்டத்தில் எழுதிய பயிற்சி வகுப்பறையில் உண்மையாகவே நடைபெறுகின்றதா? இவற்றை அவர் ஓயாது வினவுவர். எழுதிவையாத வேலையை நடந்ததென நிறுவுதல் அரிதாகலின், ஆசிரியரின் குறிப்பேடே அவர்க்குப் படைக்கலம்.

கூட்டத்துக்கு முன்னரே முடிவு கட்டிவிட்டு, பெற்றோரைப் பெயரளவில் அழைத்தல் பெருந் தவறு. தெனெசி மாநிலத்து ஹமில்ற்றன் மாவட்டம் அவ்வாறு நடந்துகொண்டதென 2004இல் மேன்முறையீட்டு நீதிமன்று கண்டு, அது சட்டமீறல் எனத் தீர்த்தது. ஆதலின் திறந்த மனத்தோடு செல்லுங்கள் என்பதே நல்ல சட்டத்தரணி கூறும் முதல் அறிவுரை. முறைப்பாடு வந்த 15 நாட்களுக்குள் பாடசாலை பெற்றோரோடு சமரசக் கூட்டம் நடத்துதல் வேண்டும். பெற்றோர் சட்டத்தரணியின்றி வரின், பாடசாலையும் தன் சட்டத்தரணியை அக்கூட்டத்துக்கு அழைத்துவரலாகாது. எளியவர் அஞ்சாது பேசுதற்கு வகுத்த விதி அஃது.

தக்க கல்வி என்பதற்கு எல்லை யாது? 1982இல் ரௌலி வழக்கிலே, செவிப்புலனற்ற சிறுமி ஒருத்திக்கு வகுப்பிற் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டுமெனப் பெற்றோர் கேட்டனர். அவள் ஏனையோரினும் நன்றாகவே தேறிவந்தமையால், ஆற்றலின் உச்சத்துக்கு உயர்த்தும் கடமை பாடசாலைக்கு இல்லை என உயர் நீதிமன்று பாடசாலைக்குச் சார்பாகத் தீர்த்தது. 2017இல் கொலராடோ மாநிலத்து எண்ட்ரூ வழக்கிலே அந்நீதிமன்று ஒருமனதாக வேறோர் அழுத்தம் தந்தது. பெயரளவான முன்னேற்றம் போதாது. அப்பிள்ளையின் நிலைக்கேற்ற முன்னேற்றம் விளையுமாறு திட்டம் அமைதல் வேண்டும் என்றது.

ஈண்டு ஒரு தருமசங்கடம் உண்டு. சட்டத்தரணியின் கட்சிக்காரர் பாடசாலை மாவட்டம். அதனைக் காத்தல் அவர் கடன். ஆனால் அம்மாவட்டத்தின் கடனோ பிள்ளைக்குக் கற்பித்தல். பெற்றோர் வென்றால் அவர்தம் சட்டச் செலவையும் மாவட்டம் இறுக்க நேரும். அப்பணம் பிற பிள்ளைகளுக்கு உதவியிருக்க வேண்டிய பணம். மத்திய அரசோ, மேலதிகச் செலவுக்கென ஒரு பிள்ளைக்கான சராசரிச் செலவில் நூற்றுக்கு 40 வரை தருவதாக 1975இல் நோக்கம் கூறியும், அந்த அளவை ஒருபோதும் எட்டவில்லை. மறுபுறம், முறையிடுவோரே நிறுவும் பொறுப்பை ஏற்க வேண்டுமென 2005இலும், நிபுணர் கூலியைப் பெற்றோர் மீளப் பெற இயலாதென 2006இலும் உயர் நீதிமன்று தீர்த்தது. எனவே வசதியற்ற பெற்றோரைக் காலத்தாலும் செலவாலும் களைப்படையச் செய்து வெல்லுதல் இயலாததன்று. அவ்வாறு வென்ற வழக்கிலும் தோற்றது ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவம் என்க.

ஆதலின் கட்சிக்காரரை நோக்கி, "இவ்வழக்கில் நீங்கள் செய்தது தவறு; கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்" எனக் கூறும் துணிவுடையவரே இத்தொழிலிற் சிறந்தவர் என்பது நம் துணிபு. பெற்றோரின் கோரிக்கை மிகையாயின், ஆசிரியரின் உழைப்பை எடுத்துக்காட்டி உறுதியாக நிற்றலும் அவர் கடனே.

நம் பழைய மாணவருட் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் பலர் உளர். அவ்விரு தொழிலாரும் ஒரு பிள்ளையின் பொருட்டு ஒரே ஏட்டைப் புரட்டும் காட்சியை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகின்றோம். நம் பின் வாங்கு மாணவனைப் பற்றி அக்காலத்தில் எவரேனும், "அவனைச் சோதித்தீர்களா? எங்கே குறிப்பு?" என நம்மை வினவியிருப்பின், நாம் சினந்திருப்போம், ஆயினும் அவன் இரண்டாண்டுகளை இழந்திரான்.