தறி வீட்டில் பார்க்கின்சன்... கால் தடுமாறாமல் காக்கும் வழிகள்!

ஆரணி என்றதும் பட்டுப்புடவைதான் நினைவுக்கு வரும். இங்கே பல நெசவாளர்களுக்கு வீடேதான் தறிக்கூடம். கால்மிதிக்காகத் தரையில் தோண்டிய தறிக்குழியும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். அந்த வீட்டுப் பெரியவருக்குப் பார்க்கின்சன் வந்தால், பழகிய வீடே ஆபத்தாகிவிடும்.

மூளையில் டோபமைன் குறைவதால் வரும் பாதிப்பு இது. கை நடுங்குவதோடு நிற்காது. திரும்பும்போதும் நிலைப்படியைத் தாண்டும்போதும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். உடம்பு மட்டும் முன்னே போக, விழுந்துவிடுவார்கள்.

என்ன செய்யலாம்?

* நெய்யாத நேரத்தில் தறிக்குழியை உறுதியான பலகையால் மூடுங்கள்.

* படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். வழியில் ஒயர், மிதியடி வேண்டாம். கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள்.

* கால் நின்றுவிடும் இடங்களில், தரையில் குறுக்காக ஓர் அடி இடைவெளியில் பளிச்சென்ற நிற டேப் ஒட்டுங்கள். கோட்டைத் தாண்டும் எண்ணத்திலேயே பலருக்குக் கால் நகர்ந்துவிடும்.

* படுத்திருந்தவர் உடனே நடக்க வேண்டாம். சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றலாம். சற்று உட்கார்ந்து எழட்டும்.

* கால் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். 'ஒண்ணு, ரெண்டு' என எண்ணுங்கள். அந்தத் தாளத்துக்கு அடியெடுத்து வைப்பார்.

'விழுந்துடுவீங்க, உட்காருங்க' என்று மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள். நடக்காத கால் இன்னும் பலமிழக்கும். மருத்துவர் சொன்ன நேரத்தில் மாத்திரை, துணையோடு தினமும் கொஞ்சம் நடை... இரண்டும் தவற வேண்டாம்!