யானை மலிவு, தீனிதான் விலை

பழைய சொகுசு ஜீப்புகள் கால் பங்கு விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் வாங்கும்போது மிச்சமாகும் பணம் வரியாகவும் பழுதுச் செலவாகவும் திரும்பிப் போகலாம்.

பெங்களூர் கண்டோன்மென்டின் பழைய குடியிருப்புகளில் ஒன்று ரிச்சர்ட்ஸ் டவுன். பூங்கா, மர நிழல், சில பழைய பங்களாக்கள், பங்களாக்கள் இருந்த இடத்தில் எழுந்த அடுக்ககங்கள். இங்கே காம்பவுண்டுக்குள் நிற்கும் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, 70 செ.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும்படி வடிவமைக்கப்பட்டது. பெரும்பாலும் அது கடப்பதோ, மழை நாளில் சாலைப் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரைத்தான்.

புதிதில் 80 லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய இப்படிப்பட்ட வண்டி, எட்டுப் பத்து ஆண்டுகளில் 20 லட்சத்துக்கு இறங்கிவிடுவது சாதாரணம். நடுத்தர அளவு புதுக் கார் வாங்கப் போனவர் மனம் மாறுவது இந்த இடத்தில்தான். அவர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. வண்டியின் விலைதான் 20 லட்சம். அதன் உதிரி பாகங்களுக்கு இன்னும் 80 லட்ச ரூபாய் வண்டிக்கான விலைதான்.

முதலில் காகிதம்

கர்நாடகத்தில் ஆயுட்கால வரி நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட புதுக் காருக்கு 18 சதவீதம். 80 லட்ச ரூபாய் வண்டி என்றால் 14.4 லட்சம், மேல்வரி தனி. இதனால்தான் கே.ஏ. எண் கொண்ட பழைய வண்டிக்கு விலை கூடுதல். டெல்லி, புதுச்சேரி எண் கொண்ட வண்டிக்குக் குறைவு. அந்தக் குறைந்த விலையைப் பார்த்து மயங்குவதில்தான் ஆபத்து. வெளி மாநில வண்டி 12 மாதங்களுக்கு மேல் இங்கே தங்கினால் புதுப் பதிவு எண் பெற வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். வண்டியின் வயதுக்கேற்பக் குறைந்தாலும், இங்கே கட்ட வேண்டிய வரி லட்சங்களில்தான் இருக்கும். பிப்ரவரி 2025-ல் வரி கட்டாத 30 சொகுசுக் கார்களை பெங்களூரில் போக்குவரத்துத் துறையினர் கைப்பற்றினார்கள்.

டெல்லி வண்டிகள் மலிவாக வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பத்து ஆண்டுகளைத் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025-ல் இதில் தளர்வு வந்தாலும், அதற்குள் எத்தனையோ பெரிய டீசல் வண்டிகள் தெற்கே இறங்கிவிட்டன.

மலிவு விலைக்குப் பின்னால் இன்னும் பெரிய வில்லங்கமும் இருக்கலாம் என்பதற்குக் கேரளம் உதாரணம். செப்டம்பர் 2025-ல் 'நும்கோர்' என்ற பெயரில் (பூட்டான் மொழியில் வாகனம்) சுங்கத் துறை அங்கே சோதனை நடத்தியது. நடிகர்களின் வீடுகளும் தப்பவில்லை. லேண்ட் குரூசர், டிஃபென்டர் போன்ற பழைய வண்டிகள் பூட்டானிலிருந்து சுங்க வரி கட்டாமல் கொண்டுவரப்பட்டு, போலிக் காகிதங்களுடன் வட மாநிலங்களில் பதிவாகி, கேரளத்தில் விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. 30-க்கும் மேற்பட்ட வண்டிகள் பிடிபட்டன. கடத்தல் வண்டி என்று முடிவானால், தெரியாமல் வாங்கியவரும் வண்டியை இழக்க நேரிடலாம்.

எனவே ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். முதல் பதிவு எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று 'வாஹன்' தளத்தில் பார்க்க வேண்டும். தயாரித்த ஆண்டுக்கும் முதல் பதிவுக்கும் நடுவே பல ஆண்டு இடைவெளி இருந்தால், முதலில் விற்ற ரசீதையோ சுங்கக் காகிதத்தையோ கேட்பதே முறை. வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35, வெளி மாநில வண்டி என்றால் தடையின்மைச் சான்றான படிவம் 28 ஆகியவை இல்லாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

தண்ணீர் குடித்த வண்டி

சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களிலும், பெங்களூரின் கிழக்குப் பகுதிகளில் செப்டம்பர் 2022 மழையிலும் விலையுயர்ந்த கார்கள் மூழ்கின. காப்பீட்டு நிறுவனங்கள் முழு நஷ்டம் என்று கைவிட்ட வண்டிகள் ஏலத்துக்குப் போகும். சுத்தம் செய்யப்பட்டு மீண்டும் சந்தைக்கு வரும். எவ்வளவு கழுவினாலும் தடயம் இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியலாம். சீட்டுக்குக் கீழே உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், முகப்பு விளக்குக்குள் நீர்த்திவலை, ஏ.சி. போட்டதும் வரும் புழுங்கல் வாடை: இவற்றில் இரண்டு இருந்தாலே விலகிவிடலாம். டஜன் கணக்கில் மின்னணுப் பெட்டிகள் கொண்ட வண்டியில் தண்ணீர் புகுந்தால், கோளாறு ஆறு மாதம் கழித்துத்தான் தலைகாட்டும்.

அடிவயிற்றைப் பாருங்கள்

மினுமினுக்கும் பெயின்ட் எதையும் சொல்லாது. வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். அடித்தகட்டில் பாறை இடித்த நசுங்கல், வளைந்த சஸ்பென்ஷன் கைகள், டிஃபரன்ஷியலில் எண்ணெய்க் கசிவு ஆகியவை காட்டு வாழ்க்கையின் வடுக்கள். அடிப்பாகத்துக்கு மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் வர வேண்டும்.

ஏர் சஸ்பென்ஷன் வண்டியைக் காலையில் முதலில் பார்ப்பது நல்லது. இரவு முழுக்க நின்ற பிறகு ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் காற்றுப் பை கசிகிறது. அதை ஈடுகட்டவே ஓயாமல் ஓடும் கம்ப்ரஸரும் சீக்கிரம் படுத்துவிடும். எஞ்சின் சூடாகும் முன் முதல் ஸ்டார்ட்டை நேரில் கேட்க வேண்டும். டிஸ்கவரியின் 2.7, 3.0 லிட்டர் டீசல் எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட் உடைவது மெக்கானிக்குகள் அஞ்சும் கோளாறு. ஆயில் மாற்றிய ரசீதுகள் விடுபடாமல் இல்லாவிட்டால் துணியக் கூடாது. 2012-க்குப் பிந்தைய ரேஞ்ச் ரோவரின் உடல் அலுமினியம். அடிபட்டால் சாதாரண டிங்கரிங் கடையில் சரிசெய்ய முடியாது.

லோ ரேஞ்ச் கியரை மண் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் தொடப்படாமலே இருந்து இறுகிப்போயிருக்கலாம். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருப்பதும் அவசியம். வேறுபட்டால் நான்கு சக்கரங்களுக்கும் விசை பிரிக்கும் பெட்டிதான் அடிவாங்கும்.

நகரவாசமும் நோய்தான்

காட்டுக்கே போகாத வண்டி பத்திரமானது என்று நினைப்பதும் தவறு. ஏப்ரல் 2020 முதல் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் சூடேறி ஓடும்போதுதான் அந்தக் கரி எரிந்து தீரும். பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எனவே குறைந்த கிலோமீட்டரைக் கண்டு மட்டும் மகிழ வேண்டாம். ஓடோமீட்டரைத் திருத்தவும் முடியும். சர்வீஸ் ரசீதுகளிலும், ஸ்கேனர் காட்டும் மற்ற பதிவுகளிலும் உள்ள கணக்கோடு அதை ஒப்பிட வேண்டும்.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு அருகே உள்ள சிவாஜிநகர் குஜரி, பழைய உதிரி பாகங்களுக்குப் பேர் போன சந்தை. ஆனால் இந்த வண்டிகளின் பல மின்னணுப் பாகங்களைக் கழற்றி மாட்டினால் மட்டும் போதாது. கம்ப்யூட்டர் மூலம் அந்தந்த வண்டிக்கென்று பதிவு செய்தால்தான் வேலை செய்யும். பழுது பார்ப்பவர் யார் என்று முடிவு செய்துவிட்டு வண்டியைத் தேடுவதுதான் சரியான வரிசை. வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுச் செலவுக்கு ஒதுக்க முடியாதவருக்கு இந்த வண்டி ஏற்றதல்ல.

எல்லாம் ஒத்துவந்தால், படிவம் 29, 30-ல் இருவரும் கையெழுத்திட வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். லிஃப்டில் ஏற்றிப் பார்க்கவோ ஸ்கேனர் போடவோ விற்பவர் மறுத்தால், பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.