பிள்ளையின் திறமையும் ஒரு முதல்தான்: புலமைப்பரிசில் விண்ணப்பமும் வர்த்தகக் குடும்பங்களும்

ஆடி அமாவாசையை ஒட்டி அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தத் திருவிழா நடக்கும் நாட்களில் அந்த வட்டாரமே ஒரு சந்தையாகிவிடும். உடுப்பு, பாத்திரம், விளையாட்டுச் சாமான், இனிப்பு என்று வீதியோரம் முழுவதும் கடைகள் முளைக்கும். அப்படிக் கடை போட்டிருந்த உடுப்பு வியாபாரியான நண்பர் ஒருவரைச் சந்திக்கப் போயிருந்தேன். அவருடைய கடையின் முகப்புப் பலகை என் கண்ணை இழுத்தது. கையால் கீறி நிறம் தீட்டிய பலகை. யார் செய்தது என்று கேட்டேன்.

"நம்மட மகன்தான் கீறின. உயர்தரத்தில சித்திரமும் ஒரு பாடமா எடுத்தவன்" என்றார்.

"கல்லடியில கட்புலக் கலைக்குப் பட்டப்படிப்பு இருக்கே, போடல்லியா?"

"போட்டம். அதுக்கு வேறாப் பரீட்சை இருக்கு, வேறா விண்ணப்பம் போடணும் எண்டு ஆருக்குத் தெரியும்? தெரிய வரக்குள்ள திகதி முடிஞ்சி போச்சு."

அமிர்தகழியிலிருந்து நகருக்கு வந்து கல்லடிப் பாலத்தைக் கடந்தால் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இத்தனை அருகில் இருந்தும் அந்தப் பிள்ளைக்குக் கதவு மூடிப் போனது. புள்ளி குறைந்து அவன் தோற்கவில்லை. ஒரு திகதியில் தோற்றான். சரக்கு வரும் திகதி, காசோலை மாறும் திகதி எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் வர்த்தகர்களாகிய நாம், பிள்ளையின் விண்ணப்பத் திகதியில் கோட்டை விடுகிறோம். ஆகவே இவ்வாரம் இந்த விடயத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

சந்தையில் பிறந்த புலமைப்பரிசில்

நம் நாட்டில் பல்கலைக்கழக மாணவருக்கு உதவும் நிதிகளில் பெரிதும் அறியப்பட்டது மகாபொல. 'பொல' என்றால் சிங்களத்தில் சந்தை. மகாபொல என்றால் பெருஞ்சந்தை. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி, ஊர் ஊராக வர்த்தகக் கண்காட்சிகளை நடத்தி அவற்றின் வருமானத்தைக் கொண்டு இந்த நிதியைத் தொடங்கினார். 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டம் இதற்கென ஒரு நம்பிக்கை நிதியத்தை அமைத்தது. ஆக, இது வியாபாரத்திலிருந்து பிறந்த புலமைப்பரிசில். பின்னர் லொத்தர் வருமானமும் இந்த நிதிக்குச் சேர்ந்தது. அது குறித்து மனதில் கேள்வி உள்ளவர்கள் உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

மகாபொலவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உயர்தரப் பெறுபேற்றின் உச்சத்தில் நிற்போருக்கான திறமைப் பரிசில். மற்றையது, பெறுபேற்றோடு குடும்ப வருமானத்தையும் பார்த்துக் கொடுக்கும் சாதாரணப் பரிசில். மகாபொல கிடைக்காத குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக 'பர்சரி' எனப்படும் உதவிப் பணம் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதக் கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரியை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்த முன்மொழியப்பட்டது.

புள்ளிக்கு அப்பாலுள்ள வாசல்கள்

பல்கலைக்கழகம் என்றால் இசட் புள்ளி மாத்திரமே என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மையல்ல. சில படிப்புகளுக்கு உயர்தரத் தகுதியோடு உளச்சார்புப் பரீட்சை ஒன்றிலும் சித்தியடைய வேண்டும். கல்லடி நிறுவகத்தில் இசை, நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புலக் கலை ஆகியவை இந்த வகை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, வடிவமைப்பு, ஆடை வடிவமைப்புப் படிப்புகளும், சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு விஞ்ஞானப் படிப்பும் அவ்வாறானவையே. துணிக் கடை வைத்திருப்பவரின் மகளுக்கு ஆடை வடிவமைப்பில் நாட்டம் இருந்தால், அது வெறும் பொழுதுபோக்கல்ல என்பதைத் தகப்பன்மார் கவனிக்க வேண்டும்.

இங்கேதான் நண்பர் தவறவிட்ட விடயம் வருகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான பொது விண்ணப்பம் வேறு. உளச்சார்புப் பரீட்சைக்கான விண்ணப்பம் வேறு. இரண்டாவதைக் குறித்த பல்கலைக்கழகம் தனியாகக் கோரும். அதற்குத் தனி முடிவுத் திகதி உண்டு. ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வராது. மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் எந்தப் படிப்புக்கு இது தேவை என்று இருக்கும். அந்த நூலைப் பிள்ளை மாத்திரமல்ல, வீட்டில் இன்னுமொருவரும் வாசிக்க வேண்டும்.

இன்னொரு வாசலும் உண்டு. படிப்புக்கு வெளியே விளையாட்டு, கலை, சமூக சேவை போன்ற துறைகளில் தேசிய அல்லது சர்வதேச மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்கு ஆணைக்குழு விசேட அனுமதி வழங்குகிறது. குறைந்தபட்ச உயர்தரத் தகுதி இதற்கும் தேவை. பாடசாலை மட்டச் சான்றிதழ்கள் எத்தனை இருந்தாலும் இதற்குப் போதாது. ஆகவே பிள்ளை மாகாண மட்டத்தில் வென்று கொழும்புக்குப் போக வேண்டி வந்தால், பஸ் செலவையும் கடையில் ஆள் குறைவதையும் கணக்குப் பார்த்து மறித்துவிடாதீர்கள். அந்தப் பயணத்தின் பெறுமதி பின்னர்தான் தெரியும்.

விற்பனை வேறு, வருமானம் வேறு

வருமானம் பார்த்துத் தரும் உதவிகளில் வர்த்தகர்களின் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? சிலர் வருமானம் என்ற இடத்தில் விற்பனைத் தொகையை எழுதிவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம். மாதம் 300,000 ரூபாவுக்கு விற்கும் சிறு கடை. சரக்கு வாங்கிய விலை 255,000. வாடகை, மின்சாரம், ஏற்றுக்கூலி 20,000. மிச்சம் 25,000. ஆண்டுக்கு விற்பனை 36 இலட்சம். கையில் நிற்பது 3 இலட்சம். இரண்டுக்கும் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். படிவம் எதைக் கேட்கிறது என்று நிதானமாக வாசியுங்கள். விற்பனையையும் இலாபத்தையும் வேறு வேறாகக் காட்டும் ஒரு பக்கக் கணக்கை இணையுங்கள். வருமான வரிக் கோவை இருந்தால் அதனோடு இது பொருந்த வேண்டும். கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்த வேண்டிய இடங்களில், கணக்குக் கொப்பி கையில் இருந்தால் வேலை இலகுவாகும்.

வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, உள்ளதைக் குறைத்து எழுதுகிறார்கள். இது பொய் மாத்திரமல்ல, இன்னொரு பிள்ளையின் பங்கை எடுப்பதுமாகும். அந்தப் பிள்ளை கூலித் தொழிலாளியின் பிள்ளையாக இருக்கலாம். தராசில் குறை வைக்காத கை படிவத்திலும் குறை வைக்கக் கூடாது.

கடல் கடந்தவை

இந்திய அரசு இலங்கை மாணவருக்கு ஆண்டுதோறும் புலமைப்பரிசில்கள் வழங்குகிறது. இளமாணிப் படிப்புக்கு நேரு ஞாபகார்த்தப் பரிசில், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி பரிசில், முதுமாணிக்கு மௌலானா அசாத் பரிசில் ஆகியவை முக்கியமானவை. கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயமும் நமது உயர்கல்வி அமைச்சும் இவற்றை அறிவிக்கும். இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி, உறுப்புரிமை இல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவர்களுக்கென 1983 இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மாணவருக்கு அது வட்டியில்லாக் கடன், அதாவது கர்ழன் ஹஸன். அவர் திருப்பிச் செலுத்துவது அவருடைய சமூகத்தின் அடுத்த பிள்ளைகளுக்குப் போகிறது. முதல் சுழல்வதன் அருமை வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அமெரிக்காவில் விளையாட்டுக்குப் பணம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கும் எல்லாக் கல்லூரியும் தருவதில்லை. கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதலாம், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் தரலாம். மூன்றாம் பிரிவுக்கு அனுமதியில்லை. ஹாவர்ட், யேல் உட்பட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று கொடுப்பதில்லை. குடும்பத்தின் தேவையைப் பார்த்தே உதவுகின்றன. எங்கே எது கிடைக்கும் என்று அறியாமல் பத்து இடங்களுக்குப் போடுவது, வாடிக்கையாளர் யார் என்று தெரியாமல் சரக்கு இறக்குவதைப் போன்றது. புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் தரகர்களிடமும் கவனமாக இருங்கள்.

ஒரு கோவை வாங்குங்கள்

செய்ய வேண்டியது சிறியது. பிள்ளை ஒன்பதாம் தரத்தில் இருக்கும்போதே ஒரு கோவை தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், போட்டிச் சான்றிதழ்கள், பத்திரிகைச் செய்தி ஏதும் இருந்தால் அதன் நறுக்கு, பிள்ளை கீறிய படங்கள் அல்லது செய்த வேலைகளின் புகைப்படங்கள், ஒவ்வொன்றின் திகதி எல்லாம் அதில் சேரட்டும். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டியவற்றை முன்கூட்டியே செய்து வையுங்கள். சிபாரிசுக் கடிதத்துக்கு, பிள்ளையை நன்கு அறிந்த ஆசிரியரிடம் ஒரு மாதத்துக்கு முன்னரே கேளுங்கள். நல்ல பிள்ளை என்ற ஒரு வரி போதாது. என்ன செய்தது, எப்படிச் செய்தது என்று இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் கட்டுரை கேட்டால் பிள்ளையே எழுதட்டும். கடையில் நின்ற அனுபவமும் ஒரு தகுதிதான். அதை மறைக்கத் தேவையில்லை.

கடைசியாகச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 'டக்' என்ற ஒட்டுநாடாவை விற்கும் நிறுவனம் 2001 முதல் ஒரு போட்டி நடத்துகிறது. தன் நிற நாடாவால் விழா உடுப்புச் செய்து காட்டும் பாடசாலை மாணவருக்குப் படிப்புப் பணம் கொடுக்கிறது. நிறுவனத்துக்கு விளம்பரம், பிள்ளைக்குப் படிப்பு. நம்மூர் வர்த்தக சங்கமும் ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு, சித்திரத்துக்கோ தையலுக்கோ ஓட்டத்துக்கோ, இப்படி ஏன் செய்யக் கூடாது? மகாபொலவும் ஒரு சந்தையிலிருந்துதானே தொடங்கியது.

நண்பரின் இளைய மகள் இப்போது பத்தாம் தரம். தையலிலும் ஆடைக்குப் படம் கீறுவதிலும் கெட்டிக்காரி. போன கிழமை அவருடைய கடைக்குப் போனபோது, கடன் கொப்பிக்குப் பக்கத்தில் ஒரு புதிய நீலக் கோவையைக் கண்டேன். மேலே மகளின் பெயர் எழுதியிருந்தது. எழுத்து மகனுடையது.