‘ம்ம்ம்’ எங்கிருந்து வருகிறது? சிந்தசைசரில் இரைச்சலைக் குறைக்கும் வழிகள்

பொங்கல் விழாவோ பேச்சுப் போட்டியோ, பள்ளி மண்டபத்தில் ஒலிபெருக்கியைத் திறந்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். “சவுண்டைக் கொஞ்சம் குறைங்க” என்பார் ஒருவர். குறைத்தால் மேடையில் பேசும் மாணவியின் குரலும் சேர்ந்து குறைந்துவிடும். முனகல் எந்த வழியாக நுழைகிறது என்று தெரிந்தால்தான் அதை மட்டும் நீக்க முடியும்.

இதைப் புரிந்துகொள்ள மாடுலர் சிந்தசைசர் நல்ல எடுத்துக்காட்டு. அறிவியலை வேறு மொழியில் படித்துவிட்டுத் தமிழில் விளக்கக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும் இது பயன்படும்.

மாடுலர் சிந்தசைசர்

ஒலியை உண்டாக்க ஒரு பகுதி, வடிகட்ட ஒரு பகுதி, அளவைக் கூட்டிக் குறைக்க இன்னொரு பகுதி என்று இதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப் பகுதி உண்டு. வாசிப்பவர் அவற்றைச் சிறு வயர்களால் தம் விருப்பப்படி இணைத்துக்கொள்வார்.

இந்தக் கருவி இந்தியாவுக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மோக் சிந்தசைசரைக் கொண்டு மின்னணு இசைக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய் முதலியோர் அங்கே இசை பதிவு செய்தனர். அந்த நாடாக்களில் இருந்தவை 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன. நாடாவில் இசையோடு கலந்துவிட்ட இரைச்சலைப் பிறகு பிரிப்பது மிகக் கடினம். எனவே அது நுழையும் முன்பே தடுக்க வேண்டும்.

முதல் வாசல்: வயர்

சுற்றியுள்ள மின்கம்பிகளும் விளக்குகளும் ஒவ்வொரு வயரிலும் சிறு மின்னழுத்தத்தைத் தூண்டுகின்றன. சிந்தசைசரின் உள்ளே இதனால் பெரிய தொல்லை இல்லை. அங்கே ஒலிச் சமிக்ஞை ஏறக்குறைய 10 வோல்ட், வயரும் குட்டை. 5 மில்லிவோல்ட் இரைச்சல் புகுந்தாலும் அது 2000-இல் ஒரு பங்குதான். ஆனால் ஒலிவாங்கியின் சமிக்ஞையே சில மில்லிவோல்ட்தான். அதில் இதே 5 மில்லிவோல்ட் புகுந்தால் குரலுக்குச் சமமாக இரைச்சலும் கேட்கும்.

மேடையிலிருந்து மிக்சர் வரை 20 மீட்டர் நீண்ட வயர் போகும்போது சமநிலை வயர் தேவை. இதில் இரண்டு சமிக்ஞைக் கம்பிகளும் அவற்றைச் சுற்றி ஒரு கவசமும் இருக்கும். ஒரு கம்பியில் +2, மற்றதில் −2 அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வழியில் இரண்டிலும் +1 இரைச்சல் சேர்கிறது. அவை +3, −1 ஆகின்றன. மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது: 3 − (−1) = 4. சமிக்ஞை இரட்டிப்பானது, இரைச்சல் காணாமல் போனது. அவ்வளவுதான் கணக்கு.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கம்பிகளிலும் இரைச்சல் ஒரே அளவில் சேர வேண்டும். அதனால்தான் அவற்றை ஒன்றோடொன்று முறுக்கி வைக்கிறார்கள். தொலைபேசி வயருக்காக இந்த முறுக்கு முறைக்கு 1881-இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். இரு முனையிலும் உள்ள கருவிகளும் சமநிலை இணைப்புக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். மூன்று முனை வயரை மட்டும் வாங்கிச் செருகினால் பலன் கிடைக்காது. சிந்தசைசரில் அத்தகைய வெளியீடு இல்லையென்றால், நடுவில் ‘டிஐ பாக்ஸ்’ என்ற சிறு பெட்டியை வைக்கலாம்.

இரண்டாம் வாசல்: எர்த்

சிந்தசைசரின் எல்லாப் பகுதிகளும் மின்னோட்டத்தைப் பொதுவான ஒரு நிலக்கம்பி வழியாகத் திருப்பி அனுப்புகின்றன. அந்தக் கம்பி மெல்லியதாக, மின்தடை 0.1 ஓம் இருந்தால், 0.5 ஆம்பியர் ஓடும்போது 0.05 வோல்ட் அதில் தோன்றும். ஒரு பகுதியில் விளக்கு மினுக்கும் ‘டிக் டிக்’ இன்னொரு பகுதியின் ஒலியில் கேட்பது இப்படித்தான். தடித்த கம்பி போடுவதும், எல்லாவற்றையும் தனித்தனியே ஒரே புள்ளிக்குக் கொண்டுவருவதும் இதற்குத் தீர்வு.

மண்டபத்தில் வேறு சிக்கல். சிந்தசைசர் மேடைச் சுவரிலும் மிக்சர் பின்சுவரிலும் செருகப்பட்டிருக்கும். இரண்டுக்கும் எர்த் உண்டு. ஒலிவயரின் கவசமும் அவற்றை இணைப்பதால் ஒரு பெரிய வளையம் உருவாகிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதே 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் அந்த வளையத்தில் தூண்டப்பட்டு முனகலாகக் கேட்கின்றன.

சோதிக்கும் வரிசை

1. எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர் இணைப்பிலிருந்து இயக்குங்கள். மின்சுமை அளவை மீறக்கூடாது.
2. மடிக்கணினி இருந்தால் சார்ஜரைக் கழற்றுங்கள். முனகல் நின்றால் அது அந்த வழியாகத்தான் வருகிறது.
3. நீண்ட வயரைச் சமநிலை வயராக மாற்றுங்கள்.
4. டிஐ பாக்ஸில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ விசையைத் தட்டிப் பாருங்கள். அது ஒலிவயரின் நில இணைப்பை மட்டுமே பிரிக்கும்.

செய்யவே கூடாதது

“பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிட்டால் சத்தம் நின்றுவிடும்” என்று சிலர் சொல்வார்கள். முனகல் நிற்கலாம், ஆனால் உயிருக்கு ஆபத்து. நம் மூன்று முனைப் பிளக்கில் மேலே நீளமாக இருப்பது எர்த் முனை. பச்சை-மஞ்சள் வயர் அதில்தான் இணைகிறது. கருவிக்குள் பழுது ஏற்பட்டால் மின்னோட்டம் அந்த வழியாகப் பாய்ந்து, ஃபியூஸ் எரிந்தோ பாதுகாப்பு விசை விழுந்தோ மின்சாரம் துண்டிக்கப்படும். அந்த வழி இல்லையென்றால் கருவியின் உலோக உடலிலேயே 230 வோல்ட் காத்திருக்கும். அதைத் தொடப்போவது ஒலிவாங்கியைப் பிடிக்கும் நம் மாணவர்தான். ஒலிவயரில் எதையும் மாற்றிப் பார்க்கலாம், மின்வயரின் எர்த்தில் மட்டும் கை வைக்கக்கூடாது.

பயிற்சி வினாக்கள்

1. சமநிலை வயரில் இரைச்சல் எவ்வாறு நீங்குகிறது? சொந்த எண்களைக் கொண்டு விளக்குக.
2. ‘கிரவுண்ட் லிஃப்ட்’ விசைக்கும் பிளக்கின் எர்த்தைக் கழற்றுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உங்கள் பள்ளி மண்டபத்தில் முனகல் கேட்கிறது. அதன் காரணத்தைக் கண்டறியும் முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதுக.