எலி பிடிக்கக் கற்றவருக்கு வேலை உண்டு

தாளடி அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களில், காவிரிப் பாசனப் பகுதியின் எலிகள் வரப்புகளில் ஒதுங்குகின்றன. எலி பிடிக்கும் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் கற்கத் தொடங்க இதுவே ஏற்ற காலம். நிலமும் பெரிய முதலும் வேண்டியதில்லை. மண்வெட்டியும் கொஞ்சம் மூங்கிலும் போதும். ஆனால் ஒரு பருவமாவது அனுபவமுள்ள ஒருவருடன் வயலில் நடந்தாக வேண்டும்.

முதலில் கற்க வேண்டியது வளையை அறிவது. நெல் வயலில் அதிகச் சேதம் செய்யும் வரப்பு எலி, தோண்டிய புது மண்ணை வெளியே குவித்து, வளையின் வாயையும் மண்ணால் அடைத்துக் கொள்ளும். முதல் நாள் மாலை எல்லா வாய்களையும் மிதித்து மூடிவிட வேண்டும். மறுநாள் காலை எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. குட்டிகளோடு இருக்கும் தாயைத் தவிர, பொதுவாக ஒரு வளைக்கு ஒரு பெரிய எலிதான். வளைக்குள் சேர்த்து வைத்திருக்கும் கதிர் யாருக்கு என்பதை நிலக்காரரிடம் முன்கூட்டியே பேசிக் கொள்வது நல்லது. தகராறு வருவது பெரும்பாலும் இதில்தான்.

அடுத்தது தஞ்சாவூர்க் கிட்டி. வளைத்த மூங்கிலும் கயிற்றுச் சுருக்கும் கொண்ட இந்தப் பொறியை மாலையில் எலி நடமாடும் தடத்தில் வைத்து, விடிந்ததும் எடுக்க வேண்டும். மருந்து வேண்டாம், செலவும் குறைவு.

இருளர்கள் பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதி வளைக்குள் புகையேற்றுவது வழக்கம். இதில் வாயும் கையும் வெந்துபோகும், நெஞ்சில் புகை ஏறும். இதற்கு மாற்றாக, கையால் சுற்றிப் புகை செலுத்தும் இரும்புக் கருவி அவர்களுக்காகவே செய்யப்பட்டு, அத்திட்டம் 2003-ல் உலக வங்கியின் பரிசு பெற்றது. இருளர்களின் திறமை வயலோடு நிற்கவில்லை. 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க இருளர் இருவர் அழைக்கப்பட்டனர். அவர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கூலி விஷயம் முக்கியமானது. வால் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசுவது பழைய முறை. இதில் இருவருக்குமே நஷ்டம் உண்டு. எலியின் சினைக்காலம் சுமார் 3 வாரம்தான். பயிர் தூர்கட்டும்போது ஒரு பெண் எலியைப் பிடித்தால், கதிர் முற்றும்போது வரவிருக்கும் ஒரு கூட்டமே குறையும். வால் கணக்கில் அந்த வேலைக்குக் கிடைப்பதோ ஒரு வாலின் கூலி. அதனால் எலி பெருகும் வரை பொறுத்திருக்கவே தோன்றும். விவசாயியும் கதிர் வெட்டுப்பட்ட பிறகுதான் ஆளைத் தேடுகிறார். நடவு முதல் அறுவடை வரை ஏக்கருக்கு இவ்வளவு என்று பருவக் குத்தகையாகப் பேசுவதே மேல். அதுவும் ஒருவர் வயலுக்கு மட்டும் பேசினால் பயன் இல்லை. பக்கத்து வயல் எலி சில நாளில் குடியேறிவிடும். ஒரு மடையில் பாயும் வயல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும்.

ஆபத்துகளையும் அறிந்தே இறங்க வேண்டும். எலி வளையில் நல்ல பாம்பு இருக்கலாம். வெட்டித் திறக்காமல் கையை விடக் கூடாது. எலியின் சிறுநீர் பட்ட சேற்றிலிருந்து, காலில் உள்ள சிறு காயம் வழியாகவும் எலிக் காய்ச்சல் தொற்றும். ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணிந்து, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சென்று, தொழில் இன்னது என்பதைச் சொல்ல வேண்டும். எலிக்கறி உண்பவர்கள், விஷ மருந்து வைத்த வயலில் பிடித்ததைத் தொடவே கூடாது. மருந்து வைத்த விவசாயி அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது உயிர்ப் பிரச்சினை.

சாரைப் பாம்பை அடிக்காதீர்கள். எலி பிடிப்பதில் அது கூட்டாளி, சட்டப்படி பாதுகாக்கப்பட்டதும்கூட. மயிலும் காட்டுப் பன்றியும் இத்தொழிலில் சேராதவை. அவற்றால் தொல்லை என்றால் வனத்துறையிடம்தான் முறையிட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் ஒரு நோட்டு வைத்துக் கொள்ளட்டும். எந்த வரப்பில், எந்தத் தேதியில், எத்தனை எலி என்று குறித்து வந்தால், அடுத்த பருவத்துக்குக் குத்தகை பேசும்போது அதையே விவசாயியிடம் காட்டலாம்.