பக்கத்து சீட்டில் ரீல்ஸ் சத்தம்... நமக்கு ஏன் இவ்வளவு கடுப்பாகிறது? என்ன செய்யலாம்?

காலை 8.30 மணி. தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில். உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம். பக்கத்தில் இருப்பவர் போனை எடுக்கிறார். காதில் ஹெட்செட் இல்லை. ஒரு ரீல்ஸ் பத்து விநாடி, அடுத்தது ஐந்து விநாடி, அப்புறம் திரும்பவும் முதல் ரீல்ஸ். அதே சிரிப்புச் சத்தம், அதே குத்துப்பாட்டின் அதே துண்டு. கிண்டி வருவதற்குள் நமக்கு பிபி ஏறிவிடுகிறது. ஆனாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆபீஸுக்குப் போய், சம்பந்தமே இல்லாத நான்கு பேரிடம் அரை மணி நேரம் புலம்புகிறோம்.

இத்தனைக்கும் அந்த ரயில் போடும் சத்தத்துக்கு முன்னால் போன் சத்தம் ஒன்றுமே இல்லை. தண்டவாளத்தின் தடதடப்பு, எதிரே கடக்கும் ரயிலின் ஹார்ன், சமோசா விற்பவரின் குரல் எல்லாவற்றையும் சகித்துக்கொள்கிற அதே காது, பக்கத்து சீட் வீடியோவுக்கு மட்டும் ஏன் இப்படிக் கொதிக்கிறது?

பட்டன் யார் கையில்?

இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நகரத்துச் சத்தம் மனிதர்களை என்ன செய்கிறது என்று வரிசையாகப் பரிசோதனைகள் நடத்தினார்கள். 1972-இல் அவை புத்தகமாகவும் வந்தன. ஆட்களை உட்காரவைத்து, எப்போது வரும் என்று கணிக்கவே முடியாதபடி பலத்த சத்தத்தைக் கேட்கவைப்பார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் ஒரு பட்டனைக் காட்டி, தாங்க முடியாவிட்டால் அழுத்தலாம், சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது என்று சொல்லி வைப்பார்கள்.

பெரும்பாலானவர்கள் அழுத்தவில்லை. அதாவது இரண்டு பிரிவும் கேட்டது ஒரே சத்தம். வித்தியாசம் தெரிந்தது சத்தம் நின்ற பிறகுதான். பட்டன் இருந்தவர்கள் விடையே இல்லாத புதிர்களோடு அதிக நேரம் மல்லுக்கட்டினார்கள். எழுத்துப்பிழை கண்டுபிடிக்கும் வேலையையும் நன்றாகச் செய்தார்கள். பட்டன் இல்லாதவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். வேணும்னா நிறுத்திக்கலாம் என்ற எண்ணமே பாதி பாரத்தை இறக்கிவிடுகிறது.

ரயிலின் தடதடப்பு ஒரே சீராக வருகிறது, காது அதற்குப் பழகிவிடுகிறது. ரீல்ஸ் அப்படியில்லை. அடுத்து என்ன வரும், எப்போது நிற்கும், எதுவும் தெரியாது. பட்டன் இன்னொருவரின் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது.

"ம்ம்... சரி... அப்படியா? அப்புறம்?"

போனில் சத்தமாகப் பேசுபவர்கள் வேறு ரகம். பக்கத்தில் இரண்டு பேர் நேருக்கு நேர் பேசிக்கொண்டால் நாம் பாட்டுக்குத் தூங்குகிறோம். ஒருவர் போனில் பேசினால் முடிவதில்லை. இது நம் கற்பனை இல்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சன் குழு நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. கவனம் தேவைப்படும் வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களுக்கு முழு உரையாடல், ஒருவரே பேசும் பேச்சு, ஒரு பக்கம் மட்டும் கேட்கும் உரையாடல் என மூன்றையும் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். கவனம் சிதறியது மூன்றாவதில்தான். அதே குரலை, வார்த்தைகள் புரியாதபடி மாற்றி ஒலிக்கவிட்டபோது அந்தப் பாதிப்பு காணாமல் போனது.

காரணம் எளிது. எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று நம் மூளை தானாகவே நிரப்பப் பார்க்கிறது. "ஐயோ, எப்போ நடந்துச்சு?" என்று பக்கத்து சீட் அக்கா கேட்ட பிறகு, என்ன நடந்தது என்று தெரியாமல் எப்படிப் புத்தகம் படிப்பது?

"வேணும்னே பண்றான்"

சத்தம் ஒரு பங்கு என்றால், அதற்கு நாம் எழுதும் கதை இன்னொரு பங்கு. நாம் ஸ்பீக்கரில் பேசினால் "ஹெட்செட்டில் சார்ஜ் போயிடுச்சு, ஒரு நிமிஷம்தானே" என்று சூழ்நிலையைக் காரணம் சொல்வோம். அடுத்தவர் பேசினால் "வளர்ப்பு சரியில்லை" என்று ஆளையே காரணமாக்குவோம். இந்தச் சாய்வுக்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் ஒரு பெயர் வைத்தார். தமிழில் சுமாராக 'அடிப்படைக் காரணப் பிழை' எனலாம்.

உண்மையில் ரயிலில் சத்தமாகப் போன் பேசும் பெரியவருக்குக் காது மந்தமாக இருக்கலாம். இப்போது வரும் பல போன்களின் பெட்டியில் ஹெட்செட்டே வருவதில்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். ஷிப்ட் முடிந்து ஊருக்கு வீடியோ கால் போடும் வடமாநிலத் தொழிலாளிக்கு, குழந்தையின் முகத்தைப் பார்க்க அந்த அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. இதெல்லாம் சத்தத்தைக் குறைத்துவிடாது. ஆனால் "என்னை மதிக்கலை" என்ற கதையிலிருந்து காற்றைப் பிடுங்கிவிடும். கொதிப்பில் பெரும் பங்கு அந்தக் கதைக்குத்தான்.

அதே சமயம், எல்லாவற்றையும் புரிந்துகொண்டு சும்மா இருங்கள் என்கிற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. சிலர் நிஜமாகவே யாரையும் பற்றிக் கவலைப்படாமல்தான் சத்தமாக வைக்கிறார்கள்.

சிலருக்கு இது வேற லெவல்

மெல்லும் சத்தம், மூச்சுச் சத்தம், பேனாவை டிக் டிக் என்று அழுத்தும் சத்தம் போன்ற குறிப்பிட்ட ஒலிகளைக் கேட்டாலே சிலருக்கு உடம்பெல்லாம் பதறும், கட்டுக்கடங்காத கோபம் வரும். இதற்கு மிசோஃபோனியா என்று பெயர். 2001-இல் உருவான சொல் இது. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், இவர்களுக்கு அந்த ஒலிகளைக் கேட்கும்போது மூளையின் இன்சுலா என்ற பகுதி மற்றவர்களைவிட அதிகமாகத் தூண்டப்படுவது தெரிந்தது. வீட்டில் சேர்ந்து சாப்பிடவே முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்ற அளவுக்கு இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பார்ப்பது நல்லது. "ரொம்ப ஓவரா பண்றே" என்று வீட்டில் சொல்வதை வைத்து விட்டுவிட வேண்டாம்.

புலம்பினால் ஆறுமா?

ஆறாது என்கிறது பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களை எழுதச் சொல்லி, அதைக் கண்டபடி திட்டிக் கோபப்படுத்தினார்கள். பிறகு ஒரு பிரிவினர், திட்டியவரை மனதில் நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியாக நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அதிகக் கோபத்தோடு இருந்தவர்கள் ஆளை நினைத்துக் குத்தியவர்கள். சும்மா உட்கார்ந்தவர்களிடம்தான் ஆக்ரோஷம் மிகக் குறைவு.

பக்கத்து சீட்காரரை ரகசியமாக வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதும் கிட்டத்தட்ட அந்தக் குத்துச்சண்டைப் பைதான். ரயிலில் இருபது நிமிடத்தில் முடிய வேண்டியதை, வரும் ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் ஒரு முறை என்று ராத்திரி வரை இழுத்துக்கொண்டு வருகிறோம்.

நம் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வது நல்ல வழிதான். ஆனால் வெளிச் சத்தத்தை அமுக்க வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பரவாயில்லை. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்.

சரி, எப்படிக் கேட்பது?

மேலே சொன்ன பட்டன் ஞாபகம் இருக்கிறதா? நம்மிடம் இருக்கும் பட்டன், கேட்பதற்குத் தயாராக இருக்கும் ஒரு வாக்கியம். நாம் கேட்பதில்லை, அல்லது பத்து ஸ்டேஷன் பொறுத்திருந்து வெடிக்கிறோம். வெடிக்கும்போது வாயில் வருவது "இது என்ன உங்க வீடா?" என்பதுதான். அது கோரிக்கை இல்லை, தீர்ப்பு. நாலு பேர் முன்னால் தீர்ப்பு வாங்கியவர் சத்தத்தைக் குறைக்க மாட்டார், கூட்டுவார்.

அதனால் முதல் இரண்டு நிமிடத்திலேயே, குரல் இன்னும் சாதாரணமாக இருக்கும்போதே கேட்டுவிடுவது மேல். "அண்ணா, கொஞ்சம் சவுண்ட் குறைச்சுக்கிறீங்களா?" போதும். "அண்ணா", "அக்கா", "தம்பி", பெரியவர் என்றால் "ஐயா". இந்த ஒரு சொல் பாதி வேலையை முடித்துவிடும். "ஹலோ" என்று ஆரம்பித்தால் சண்டைக்கு ஆரம்பித்த மாதிரிதான் காதில் விழுகிறது. "எக்ஸ்கியூஸ் மீ"யும் நம்ம ஊர் பஸ்ஸில் கொஞ்சம் அதட்டலாகவே ஒலிக்கிறது (ஏனென்று தெரியவில்லை, ஆனால் ஒலிக்கிறது).

கூடவே அவர் கௌரவமாக இறங்கிவர ஒரு படி வைக்க வேண்டும். "ஹெட்செட் இருந்தா போட்டுக்கிறீங்களா?", "நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வரேன், கொஞ்சம் தூங்கணும்" என்றால், தப்பு செய்தவராக இல்லாமல் உதவி செய்தவராக அவர் சத்தத்தைக் குறைக்கலாம். குறைத்ததும் ஒரு "தேங்க்ஸ்ணா". அவர் போனை இன்னொரு முறை எட்டிப்பார்க்க வேண்டாம்.

எல்லா இடத்திலும் இது சரிவராது. ராத்திரி ரயிலில் தனியாக வரும் ஒரு பெண், குடித்திருக்கும் ஒருவரிடம் போய் சவுண்ட் குறைக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இடம் மாறுவது, பெட்டி மாறுவது தோல்வி அல்ல. தொலைதூர ரயில் என்றால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லலாம், 139-க்கு அழைக்கலாம்.

விதி என்ன சொல்கிறது?

ரயில்வே சட்டம் 1989-இன் 145-வது பிரிவு, சக பயணிகளுக்குத் தொல்லை தருபவரை ரயில்வே ஊழியர் இறக்கிவிட அனுமதிக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் ஹெட்செட் இல்லாமல் பாட்டு கேட்பது, சத்தமாகப் போன் பேசுவது பற்றிய புகார்களில் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2022 ஜனவரியில் ரயில்வே அறிவுறுத்தியது. கர்நாடகாவில் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, அரசுப் பேருந்துகளில் போன் ஸ்பீக்கரைச் சத்தமாக வைக்க 2021 நவம்பரில் தடை வந்தது. மும்பையின் பெஸ்ட் பேருந்துகளில் 2023-இல்.

விதி இருந்தால் எல்லோரும் கேட்டுவிடுவார்களா? மாட்டார்கள். அதன் உபயோகம் வேறு. அது பேச்சை ஆளிடமிருந்து எடுத்து போர்டின் மேல் வைத்துவிடுகிறது. மும்பை போக்குவரத்து போலீஸ் செய்த ஒரு வேலை இதற்கு நல்ல உதாரணம். சில சிக்னல்களில் டெசிபல் மீட்டரைப் பொருத்தினார்கள். ஹார்ன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் கவுன்ட்டவுன் முதலிலிருந்து ஆரம்பிக்கும். 2020-இல் அந்த வீடியோ வைரலானது. அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. கண்டக்டர் சொல்வதும், சுவரில் ஒட்டியிருப்பதைக் காட்டிக் கேட்பதும் இதே கணக்குதான்.

விதி பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. நாம் யாரிடம் கேட்கிறோம்? ஸ்பீக்கரில் போஜ்புரி பாட்டு வைத்தால், கேட்பதற்கு உடனே நாலு குரல் எழும். பெரும்பாலும் "அண்ணா" இல்லாமல், "டேய்" போட்டு. அதே பெட்டியில் ஐடி கார்டு தொங்க, இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு, கிளையன்ட்டிடம் இருபது நிமிடம் உரக்க ஆங்கிலத்தில் பேசும் சாரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. எம்பர்சன் ஆய்வுப்படி பார்த்தால், கவனத்தை அதிகம் கலைப்பவர் இந்த சார்தான். இயர்பட்ஸ் போட்டிருப்பதால் தான் யாருக்கும் தொல்லை தரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அவருக்கும் அதே வாக்கியம் பொருந்தும்: "சார், கொஞ்சம் மெதுவா பேசுறீங்களா?"